சங்கரி கேட்காமல் எழுதிய பதில்

சங்கரி என் பெரிய அண்ணன் மகள். அண்ணனுக்கு ஆறு பிள்ளைகள். மூத்தது மூன்றும் யார் என்ன சொன்னாலும் தலையாட்டும்; கடைசி இரண்டும் யார் சொன்னாலும் கேட்காது. நடுவில் பிறந்த இவள்தான் "எவ்வளவு?" என்று கேட்கிற பிள்ளை. கொஞ்சம் உப்புப் போடு என்று அம்மை சொன்னால், கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கரண்டியோடு நிற்பாள். பாளையங்கோட்டையில் வேதியியல் படித்து முடித்த மறு வருஷமே என் கொழுந்தன் மகன் பாலசுப்பிரமணியனுக்குக் கட்டிவைத்தோம். அன்றிலிருந்து எனக்கு அடுத்த வீட்டுக்காரி. படித்த படிப்பு இருபத்திரண்டு வருஷம் அடுக்களையில் பருப்போடு பருப்பாக வெந்தது.

மகன் வேலைக்குப் போய், வீடு அமர்ந்த பிறகு, போன வருஷம் இவளுக்கும் ஒரு வேலை வந்தது. ஏதோ ஒரு கல்லூரிக்காரர்கள் தாமிரபரணிக் கரை ஊர்களில் கணக்கெடுக்க வந்தார்கள். சோற்றில், தண்ணீரில், மண்ணில் என்னென்ன நஞ்சு கலந்திருக்கிறது, அதனால் மனுஷனுக்கு என்ன கேடு வரும் என்று பார்க்கிற வேலை. விஜயஸ்ரீ என்கிற டாக்டரம்மா தலைமை. நஞ்சு இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதானாம். ஒருத்தன் அதை எவ்வளவு உள்ளே தள்ளுகிறான் என்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியை வீடு வீடாகக் கேட்டு எழுதுவது சங்கரி வேலை. இவளுக்கென்றே செய்த வேலை என்று சந்தோஷப்பட்டோம். அவள் பட்ட பாடு இருக்கிறதே!

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீக, மதினி?"

"தாகம் எடுத்தா குடிப்பேன்."

"எத்தன தம்ளர்?"

"தம்ளர்ல எங்க குடிக்கேன்? செம்புல அண்ணாந்து ஊத்துவேன்."

"சரி, எத்தன செம்பு?"

"ஏட்டி, குடிக்க தண்ணிய எண்ணுனா அது ஒடம்புல ஒட்டுமா?"

சோற்றுக் கணக்கு இன்னும் மோசம். பெண்கள் எல்லாரும் கண் பட்டுவிடும் என்று பாதியாய்ச் சொன்னார்கள். ஆண்கள் வீம்புக்கு இரட்டிப்பாய்ச் சொன்னார்கள். சோதனைக்குக் குடிதண்ணீர் கொடுங்கள் என்றால், வெள்ளைத் துணியில் வடிகட்டி, துளசி போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வெள்ளிச் செம்பில் கொண்டுவந்து நீட்டினாள் ஒருத்தி. வந்த ஆளுக்கு வெறும் தண்ணீரா கொடுப்பது என்று அவளுக்குக் கௌரவம். இவள் தலையில் அடித்துக்கொண்டு நேரே குழாயடிக்குப் போய்ப் பிடித்தாள்.

வீட்டுக்கு ஒரு ஆளிடம் தலைமுடியும் வெட்டி வாங்க வேண்டும். உடம்பில் பாதரசம் சேர்ந்திருந்தால் முடி காட்டிக்கொடுத்துவிடுமாம். வெள்ளி செவ்வாயில் முடி வெட்டக்கூடாது என்று விரட்டினார்கள். வேறு நாளில் போனால், முடியை வைத்து யாராவது செய்வினை செய்துவிட்டால் என்ன பண்ண என்று கேட்டார்கள். சோதித்த பிறகு திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள், நாலு வீட்டுக்கு.

இவ்வளவு கறாராக இருந்தவள் ஒரே இடத்தில் சறுக்கினாள். அந்தத் தாளில் 'மீன்: வாரம் எத்தனை முறை' என்று ஒரு கட்டம். எங்கள் தெருவில் இருபத்தாறு வீடு, அத்தனையும் சைவம். கோயிலுக்கு நேர் எதிரே உள்ள தெரு. அங்கே போய் அந்தக் கேள்வியைக் கேட்பது, ஒருத்தரைப் பிடித்து "உம்ம தகப்பன் யாரு வே?" என்று கேட்பது மாதிரி. வீட்டில் உட்கார்ந்தபடியே இருபத்தாறு தாளிலும் 'இல்லை' என்று எழுதினாள். பக்கத்தில் நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "அதப் போயி கேப்பாகளாக்கும்" என்று சொன்னதும் நான்தான். பொய் சொல்வானேன்.

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. எங்கள் தெருவில் ஏழு பேர் முடியில் பாதரசம் கொஞ்சம் கூடுதல். அந்த ஏழில் ஒருத்தர் முடியில் மிகக் கூடுதல். அது கைலாசம், பாலசுப்பிரமணியனுடைய அண்ணன். ஓய்வுபெற்ற தாசில்தார், கோயில் காரியங்களில் முன்னே நிற்கிறவன். மார்கழி முழுக்கத் திருவெம்பாவை அவன் குரல்தான். அவனுக்குக் கொஞ்ச நாளாக விரல் நுனி மரத்துப்போய், காப்பித் தம்ளர் கைநழுவிக்கொண்டிருந்தது.

பெரிய மீன் சின்ன மீனைத் தின்று தின்று பாதரசத்தைச் சேர்த்துவைத்திருக்கும், மனுஷனுக்குப் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வரும் என்று விஜயஸ்ரீ சொன்னாள். "ஆனா உங்க தெருவுல மீனே இல்லன்னு தாள்ல இருக்கே சங்கரி. அப்ப எல்லாருக்கும் பொதுவா இருக்கது உங்க தெருக் கிணறுதான்."

கிணற்றுத் தண்ணீரை ஒரு தடவை சோதித்ததில் ஒன்றும் இல்லை. ஆனாலும் மழைக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று மாறலாமாம். ஒரு வருஷம் மாதாமாதம் பார்த்துத் தீருகிற வரைக்கும் கிணற்றைப் பூட்டச் சொல்லி மேலே இருந்து உத்தரவு. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இரும்பு மூடி வரும்.

எங்கள் தெருவுக்குக் குழாயில் மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீர். பருப்பு வேகிற தண்ணீர் அந்தக் கிணறு ஒன்றில்தான். பெண்கள் சும்மா இருப்பார்களா? "முடிய வாங்கிட்டுப் போயி கெணத்த மூடிட்டா பாரு" என்று சங்கரி காதுபடவே பேசினார்கள்.

அவள் அந்தக் கட்டத்தை எண்ணி இரண்டு நாள் சோறு தின்னவில்லை. புதன்கிழமை சாயங்காலம் கைலாசம் வீட்டுக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன்.

"அத்தான், தப்பா எடுத்துக்கிடாதீக. மீன் சாப்பிடுதீகளா?"

"என்னது?"

"கேக்காம இல்லன்னு எழுதிட்டேன். அது என் தப்பு. இப்பம் கேக்கேன்."

"பெரியம்மை, இவ என்ன கேக்கான்னு பாத்தீகளா? தேவாரம் பாடுத வாயப் பாத்துக் கேக்கா!"

"வாயத்தான் கேக்கேன்" என்றாள் சங்கரி. "செவ்வாயும் வெள்ளியும் திருச்செந்தூர் போறீகளே, அங்கன எங்கயாவது..."

"முருகன் சன்னிதிக்குப் போறவன இப்படிப் பேசுனா ஒனக்கு நல்லதில்ல. கெணறு பூட்டுனா பூட்டட்டும். ஊர் நன்மைக்குன்னா நாமதான் விட்டுக்குடுக்கணும்."

அவன் மனைவி நீலாம்பாள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவன் தம்ளரை மட்டும் 'டக்'கென்று வைத்தாள். எனக்கு அப்போதே அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

மறுநாள் குமரவேல் என்கிற பஞ்சாயத்து ஆள் மூடியை வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். தெருவே கிணற்றடியில் கூடியது. கைலாசம் வேட்டி சட்டையில், நெற்றி நிறையத் திருநீறோடு முன்னே வந்து பேசத் தொடங்கிவிட்டான். ஆரோக்கியம் முக்கியம், விஞ்ஞானத்தை மதிக்க வேண்டும், தியாகம் செய்யத் தயங்கக்கூடாது என்று குடியரசு தினப் பேச்சு மாதிரி அடுக்கிக்கொண்டே போகிறான். சங்கரி கையில் தாளோடு ஒரு ஓரமாக நிற்கிறாள். மூடிக்குப் போல்ட் முடுக்கக் குமரவேல் குனிந்தான்.

நீலாம்பாள் இடுப்பில் இருந்த குடத்தைக் கிணற்றுச் சுவரில் 'ணங்' என்று வைத்தாள்.

"சங்கரி, அந்தத் தாள எடு. மீனு, வாரம் ரெண்டு தரம். சுறாப்புட்டு. எழுதிக்கோ."

"ஏ நீலா!" என்றான் கைலாசம்.

"என்ன ஏ நீலா? திருச்செந்தூர்ல சாமி கும்பிட்டுட்டு, நேரா காயல்பட்டினத்துக்கு நூர்முகம்மது அண்ணாச்சி வீட்டுக்குப் போறீக. பதினெட்டு வருசமா அந்தச் சட்டையத் தொவைக்கது நானுல்லா? எலையில கட்டிக் கொண்டுவந்த விபூதியவிட மணம் சட்டையில தூக்கலா இருக்கும். நான் என்னைக்காவது வாயத் தொறந்தேனா? உங்க மானத்துக்கு நான் முட்டு வலியோட ஆத்துல போயி தண்ணி சொமக்கணுமோ?"

குமரவேல் ஸ்பேனரோடு நிமிர்ந்தான். அப்புறம் எதிர்வீட்டுக்காரி தன் புருஷனைப் பார்க்காமலே, "எங்க வீட்டுத் தாளையும் திருத்திக்கோ சங்கரி. மாசத்துக்கு மூணு நாலு தடவ, சங்கரன்கோயில் போற வழியில" என்றாள். பின்னாலிருந்து இன்னொருத்தி, "எங்க வீட்டுக்கும்." கைலாசம் போக மீதி ஆறு பேர் கணக்கும் அங்கேயே தேறிவிட்டது. முடியில் ஒன்றும் தெரியாத ஒரு வீட்டுக்காரியும் அவசரத்தில் புருஷனைக் காட்டிக்கொடுத்துவிட, குமரவேல் ஸ்பேனரை வைத்துக்கொண்டு சிரித்ததுதான் பெரிய அவமானம்.

சங்கரி விஜயஸ்ரீக்குப் போன் போட்டாள். திருத்தத்தில் அந்தந்த ஆளே கையெழுத்துப் போட்டால் உத்தரவை நிறுத்திவைக்கச் சொல்வதாகப் பதில் வந்தது. ஆறு பேர் போட்டார்கள். கைலாசம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"'இதர உணவு'ன்னு ஒரு கட்டம் இருக்குல்லா. அதுல எழுதேன்."

"அதுல எழுதுனா கெணறு பூட்டிக்கிடும் அத்தான். மீனுக்கு மீன் கட்டந்தான்."

"இந்தத் தாளு எங்க வரைக்கும் போவும்?"

"மெட்ராஸ் வரைக்கும்."

"அங்கன நம்ம சொந்தக்காரன் எத்தன பேரு இருக்கான் தெரியுமா? கைலாசம் பேரு சந்தி சிரிக்கும்."

"பேரு எங்க போவுது? நம்பர்தான் போவுது. எல்லா ஊருக்கும் சேத்து உங்களுக்கு நம்பர் முப்பத்தேழு."

கைலாசம் அவளை அப்படியே பார்த்தான். "இத மொதல்லயே சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதா?"

"மொத நாளே மொதப் பக்கத்த வாசிச்சுச் சொன்னேன். நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டு, 'சரி சரி, மேல சொல்லு'ன்னீக."

மரத்த விரலில் பேனா நிற்கவில்லை. நீலாம்பாள் அவன் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தேழாம் நம்பர் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் மேற்கே நடந்தான். குமரவேல், தனியாக அந்த மூடியைத் தூக்கி வண்டியில் ஏற்ற முடியாது, யாராவது ஒரு கை பிடியுங்கள் என்று கேட்டான். கையெழுத்துப் போட்ட ஏழு பேரில் ஒருத்தரும் அங்கே இல்லை. சங்கரிதான் தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் பிடித்தாள்.