செருப்பைக் கழற்றிய கண்டக்டர்

ஐம்பதுகளில் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஓடிய பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இருந்தார். ஒல்லி உடம்பு, காதோர நரை, சாரலில் நனைந்து எப்போதும் ஈரமாகவே இருக்கும் காக்கிச் சட்டை. பெயரைக் கேட்க எனக்குத் தோன்றியதில்லை. தென்காசிக் கோயில் கோபுரம் கண்ணில் பட்டதும் செருப்பைக் கழற்றிவிடுவார். அது மறைந்த பிறகுதான் மாட்டிக்கொள்வார். பக்தி என்றே நினைத்திருந்தேன்.

ஒரு சீசனில், அருவியில் குளிக்க வந்த மதராஸ்காரர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"கோபுரம் நடுவுல பிளந்து மொட்டையா நிக்குது. இதுக்குப் போய் இவ்வளவு மரியாதையா?"

எனக்குச் சுருக்கென்றது. கண்டக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"மரியாதை கோபுரத்துக்கு இல்ல சார்வாள், என் காலுக்கு. பின்னால இந்தக் கோயிலுக்கு ஒரு பழுது வந்தா, அதைச் சரிபண்ணுதவங்க காலுல இப்பவே விழுந்து கும்பிடுதேன்னு, கட்டின பாண்டிய ராஜா கல்லுல வெட்டி வச்சிருக்கான். ராஜா கும்பிட்ட காலுல செருப்போடவா நிக்க?"

"நீங்க என்ன சரிபண்ணினீங்க?"

"இன்னும் பண்ணல. ஆனா கும்பிடு முன்கூட்டியே வாங்கியாச்சுல்லா. செய்யாம விட்டிருவமா?"

கண்டக்டர் அடுத்த டிக்கெட்டைக் கிழித்தார்.

நான் தென்காசியை ஒட்டிய மேலகரத்துக்காரன். அந்தக் கோபுரத்தைப் பிறந்ததிலிருந்து உடைந்ததாக மட்டுமே பார்த்தவன். அன்றைக்குத்தான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன். செருப்போடு இருந்தன.