பைரவனுக்கு ஆறில்லாத ஊர்

சௌமிய வருஷம் தை மாதம், இங்கிலீஷ் கணக்கில் 1910 ஜனவரி 21, வெள்ளிக்கிழமை. கிழக்கு வெளுக்கும் நேரத்தில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலிருந்து சாத்தான்குளத்துக்குப் புறப்பட்டோம். நானும் வண்டிக்காரன் சுடலையும் பைரவன் என்கிற நாயும். வில்வண்டிக்குப் போகவர வாடகை மூன்று ரூபாய், மாட்டுத் தீவனம் என் பொறுப்பு. தூரம் முப்பது மைலுக்குச் சற்று மேல்.

பைரவன் கார்த்திகை வெள்ளத்தில் வந்தது. பாலத்துத் தூணில் ஒதுங்கிக் கிடந்த வைக்கோல் போரின் மேல் அது நின்றுகொண்டிருந்ததை என் மனைவி சிவகாமிதான் முதலில் பார்த்தாள். ஆட்களைக் கூவி அழைத்துக் கயிறு வீசி இழுக்கச் செய்தவளும் அவளே. கன்றுக்குட்டி உயரம், சந்தன நிறம். பின்னங்காலில் நின்றால் முன்னங்கால் என் தோளில் படும். எங்கள் வீட்டுத் தயிர்சோற்றைக் குறை சொல்லாமல் தின்று வளர்ந்தது.

அதனிடம் ஒரே ஒரு குறை. இடுப்பளவுத் தண்ணீரில் எந்த மனிதரைக் கண்டாலும் பாய்ந்து போய்த் துணியைக் கவ்விக் கரைக்கு இழுத்து வந்துவிடும். கடிக்காது. கரையேற்றிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். ஊரே ஆற்றில் குளிக்கும் ஊரில் இதை எத்தனை நாள் பொறுப்பார்கள்? கட்டிவைத்தால் கயிற்றை அறுத்துக்கொண்டு படித்துறைக்கு ஓடியது. எதிர்வீட்டுப் பெரியவர் ஜபத்தின் நடுவில் வேட்டியை இழந்து நிற்க நேர்ந்த அன்று தெருவார் கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். தைப்பூசத் தீர்த்தவாரிக்குள் நாய் ஊரைவிட்டுப் போக வேண்டும். போகாவிட்டால் அதன் சோற்றில் எட்டிக்கொட்டை விஷம் விழும். பூசம் அடுத்த வாரம்.

“அது யாரையும் தொந்தரவு பண்ணலை. முங்கிப் போயிருவாங்களோன்னு பயப்படுது” என்றாள் சிவகாமி. அதைச் சொல்லத் தெருவில் வேறு யாரும் இல்லை.

ஜில்லாவைப் பற்றி அச்சான புத்தகங்களில் என் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். சாத்தான்குளத்துப் பக்கம் செம்மணலும் பனையும்தான், மழை சொற்பம் என்று அவை ஒரே குரலில் சொல்கின்றன. அந்த ஊர்க் கருப்பட்டி வியாபாரி ஆறுமுக அண்ணாச்சி, சரக்கோடு வண்ணார்பேட்டைக்கு வரும்போதெல்லாம், கருப்பட்டி அடுக்கும் கிட்டங்கிக் காவலுக்குப் பெரிய நாய் ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார். தண்ணீர் இல்லாத ஊரில் பைரவனுக்கு என்ன கவலை இருக்கப் போகிறது?

பாளையங்கோட்டையைத் தாண்டியதும் பொழுது புலர்ந்தது. இடப்பக்கம் ஆற்றின் மேல் பனி மிதந்தது. வாழைத் தோட்டங்களும் கதிர் வாங்கிய வயல்களும் அதற்குள் பாதி கரைந்து நின்றன. வண்டி போகிறதா, கரைதான் எங்களைக் கடந்து போகிறதா என்று சொல்ல முடியாத மெதுவில் மாடுகள் நடந்தன. பைரவன் வண்டிக்குள் படுத்து என் முழங்காலில் தாடையை வைத்திருந்தது.

கருங்குளத்தில் மாடுகளை அவிழ்த்தோம். சுடலை வாய்க்காலில் இறங்கினான். நான் எச்சரிப்பதற்குள் கயிறு என் கையிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டது. அடுத்த கணம் அவன் கரைச் சேற்றில் மல்லாந்து கிடந்தான். நாய் அவன் முகத்தை நக்கியது.

“ஐயா! இந்த மூதியப் பிடிங்க! தலையக்கூட நனைக்கலை!”

“அது உன்னைக் காப்பாத்தியிருக்குடே.”

“எங்க ஆத்தா பெத்துப்போட்ட நாள்லேருந்து இந்தத் தண்ணியிலதான் கெடக்கேன். இன்னைக்கா காப்பாத்தணும்?” துண்டைப் பிழிந்தவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். “ஆமா, தண்ணியில்லாத ஊருன்னு சொல்லுதீயளே. வழியில பேய்க்குளம், போற ஊரு சாத்தான்குளம். பேரு வச்சவன் சும்மாவா வச்சிருப்பான்?”

பேரில் மட்டுந்தான் குளம் இருக்கும் என்று விளக்கினேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாடுகளைப் பூட்டப் போனான்.

அன்று மாலை ஸ்ரீவைகுண்டத்துக்கு எதிர்க்கரையில் புதுக்குடியில் தங்கினோம். அணைக்கட்டின் இரைச்சல் அடங்காமல் கேட்டது. சூரியன் விழுந்த பின் மேற்கே அடிவானத்தில் வால்நட்சத்திரம் தெரிந்தது. ஊரே தெருவில் நின்று பார்த்தது. ராஜாவுக்கு ஆகாது என்றார் ஒருவர், மாட்டுக்கு ஆகாது என்றார் மற்றவர். பைரவன் மட்டும் ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

22ஆம் தேதி, சனிக்கிழமை. ஆற்றுக்கு முதுகு காட்டித் தெற்கே திரும்பினோம். இரண்டு மூன்று மைலில் உலகம் வேறாகிவிட்டது. பச்சை பின்வாங்கிச் சிவப்பு எழுந்தது. சக்கரம் செம்மணலில் ஓசையின்றிப் புதைந்து சுழன்றது. பனைகள் வரிசை வரிசையாக வந்தன. ஒன்றைப் போலவே மற்றொன்று இருந்ததால், நாங்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறோம் என்று பலமுறை தோன்றியது. காற்று ஓலைகளில் உரசும்போது மழை வருவது போல் கேட்டது. நிமிர்ந்தால் வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. அந்தச் சத்தத்தில் பைரவன் கண்ணயர்ந்தது. அது இப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. சரியான ஊருக்குத்தான் போகிறோம் என்று எண்ணிக்கொண்டேன்.

பிற்பகலில் ஊர் சேர்ந்தோம். அண்ணாச்சி நாயைச் சுற்றிவந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார். கால் கழுவ ஒரு செம்புத் தண்ணீர்தான் வந்தது. அதுவும் எனக்கு நல்ல அடையாளமாகவே பட்டது.

23ஆம் தேதி, ஞாயிறு காலை. “வாத்தியாரய்யா, குளிக்கப் போவமா?” என்றார் அண்ணாச்சி. கிணற்றடிக்கு அழைக்கிறார் என்று பின்தொடர்ந்தேன், நாயையும் கூட்டிக்கொண்டு. ஒரு மேட்டில் ஏறினோம். எதிரே குளம் கடல் போலக் கிடந்தது.

“இந்த வருசம் நல்ல மழை. மாசி வரைக்கும் கெடக்கும்” என்று சொல்லிக்கொண்டே அவர் இறங்கினார். பெருத்த சரீரம். மார்பளவு போனார். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தேன், பயனில்லை.

ஊர் ஜனங்கள் பார்த்திருக்க அண்ணாச்சி இழுபட்டு வந்து கரையில் உட்கார்ந்தார். கை கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “கடிக்கவே இல்லையே வே?” என்றார்.

“கடிக்காது, அண்ணாச்சி.”

“கடிக்காத நாய வச்சு என்ன செய்ய? களவாங்க வாறவன் குளிச்சுட்டா வருவான், இது இழுத்துப் போட?” வேட்டியைப் பிழிந்தார். “கோவிச்சுக்கிடாதீரும். கூட்டிட்டுப் போயிரும்.”

கோபிக்க என்ன இருக்கிறது? வண்டியைத் திருப்பினோம். ஊருக்கு வெளியே அண்ணாச்சியின் பனைவிளையில் மாட்டுக்குத் தண்ணீர் கேட்டு நின்றோம். ஓலைக் குடிசை வாசலில் ஞானம்மாள் என்ற பெண் நார் உரித்துக்கொண்டிருந்தாள். கண் கையில் இல்லை, மேலே இருந்தது. அவள் புருஷன் ஒரு பனையின் உச்சியில் காய்ந்த மட்டைகளைக் கழித்துக்கொண்டிருந்தான். பதநீர்க் காலத்துக்கு முன் மரங்களைத் தயார் செய்யும் வேலை அது.

பைரவன் வண்டியிலிருந்து குதித்தது. அந்த மரத்தடிக்குப் போய், முன்னங்கால்களைத் தூரில் ஊன்றி, மேலே பார்த்து முனகத் தொடங்கியது. அவன் இறங்கி வந்து தரையில் கால் வைத்ததுமே இடைக்கச்சையைக் கவ்வி மரத்தைவிட்டுப் பத்தடி தள்ளி இழுத்துக்கொண்டு போனது.

“ஏ மூதி, விடு! ஏட்டி, என்னட்டி இது?”

ஞானம்மாள் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் செய்யணும்னு நெனைக்கிறத இது செஞ்சுட்டு போகுது” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “யாரு நாயிங்க ஐயா?”

நடந்ததெல்லாம் சொன்னேன். எட்டிக்கொட்டையையும் மறைக்கவில்லை.

“இங்கன கெடக்கட்டும். நாள் பூரா மேல பாத்துக் கழுத்து வலிக்கு. தொணைக்கு ஒரு ஆளு இருக்கும்லா?”

“தயிர்சோறு தின்னு பழகினது” என்றேன். எனக்கே அபத்தமாகப்பட்டது.

“கஞ்சி குடிக்கும். நாங்க குடிக்கலையா?”

“வேல நடக்கணுமேட்டி” என்று அவன் முனகினான். ஆனாலும் நாயின் தலையைப் பைய ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனான்.

திருநெல்வேலியை நினைத்துக்கொண்டேன். அங்கே நாள்தோறும் எத்தனையோ பேர் ஆற்றில் முங்குகிறோம். முங்கியவர்கள் எல்லாரும் எழுந்தார்களா என்று கரையில் நின்று பார்ப்பது யாருக்கும் வழக்கமில்லை. எனக்கும் இருந்ததில்லை.

விடைபெற்றுக்கொள்ள நாயின் பக்கத்தில் சென்றேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன், காது மட்டும் அசைந்தது. வண்டி நகர்ந்தது. செம்மணலில் சக்கரத்துக்குச் சத்தமில்லை. திரும்பிப் பார்த்தபோது ஞானம்மாளும் பைரவனும் அருகருகே நின்று ஒரே பனையின் தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போவதை அவர்கள் இருவரும் கவனிக்கவில்லை. மேலே ஏறியவன் இன்னும் இறங்கவில்லை.