கீரைக்காக வெட்டிய மரம்

கோட்டூர்புரத்தில் எங்கள் மொட்டைமாடியில், மண்ணே இல்லாமல், குழாய்களில் ஓடும் சத்துத் தண்ணீரில் கீரை வளர்க்கிறேன். "எல்லாரும் இப்படி வளர்த்தால் விவசாயத்துக்காகக் காட்டை அழிக்க வேண்டாம்" என்று போகிற இடமெல்லாம் பேசுவேன். ஆனால் எங்கள் மதிலோர வாகைமரம் கீரைக்கு வெயிலை மறைத்தது. ஆள் வைத்து வெட்டிவிட்டேன்.

அதன் நிழலில்தான் செல்வியக்கா பல வருஷமாக இஸ்திரி வண்டி போட்டிருந்தார். மறுநாள் மதியம் சட்டை வாங்கப் போனேன். தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, கொதிக்கிற வெயிலில் தேய்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு கட்டுக் கீரையை நீட்டினேன்.

"சோக்கா கீது சார். வெயில்ல வச்சா வாடிப்பூடும்."

வண்டிக்கடியில் மட்டும்தான் நிழல் மிச்சமிருந்தது. குனிந்து கீரையை அங்கே பத்திரமாக வைத்துவிட்டு, மறுபடி வெயிலில் நின்று என் சட்டையைத் தேய்த்தார்.

அதற்குப் பிறகு காட்டைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.