அப்பா பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்

1986-ஆம் வருஷம், பங்குனி மாதம். போளூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். எங்கள் ஊர் மலைமேல், ஜமுனாமரத்தூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. தங்கைக்கு வைகாசியில், மலைக்குக் கீழே இருக்கும் படவேட்டு மாப்பிள்ளையோடு கல்யாணம் முடிவாகியிருந்தது.

"கல்யாணத்துக்கு உனக்கு இன்னா வேணும்?" என்று அவளைக் கேட்டேன். "அப்பா எப்டி இருப்பாருன்னு யாராச்சும் சொன்னா போதும்ணா" என்றாள். அப்பா இறந்தபோது அவள் கைக்குழந்தை. எனக்கு ஐந்து வயது. அவர் தோளில் உட்கார்ந்து போனதைத் தவிர எனக்கும் ஒன்றும் ஞாபகமில்லை. வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. அவள் அப்படிக் கேட்டது எனக்கு ரொம்பவே வலித்தது.

கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். எங்கள் பள்ளிக்கூட போட்டோ, அவள் கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் ஒட்டிக் கொடுக்கலாம். முதல் பக்கம் அப்பாவுக்கு. சொந்தக்காரர்களிடம் கேட்க இருபது கேள்விகளை நம்பர் போட்டு எழுதிக்கொண்டேன். பெரிய ஆபீசர் என்ற நினைப்பு!

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா வீட்டுக்குப் போய் நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினேன். அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கண்ணன் நல்ல மனுசன். மரம் கிரம் ஒன்னும் வெட்னதில்ல. நெலம் ரெண்டே ஏக்கரா, எழுதிக்கோ" என்றார். அங்கே இருந்த அத்தையோ, "எம்பேர மட்டும் எழுதாதப்பா" என்று உள்ளே போய்விட்டார். என்னைத் தூக்கி வளர்த்தவர்கள்! சுர்ரென்று கோபம் வந்தது. மலைக்கு நோட்டும் பேனாவுமாக வருகிறவன் மரத்தை எண்ணவோ நிலத்தை அளக்கவோ வந்தவன்தான் என்பது அங்கேயே பிறந்த எனக்கு உறைக்கவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். "அதெல்லாம் இன்னாத்துக்கு இப்போ?" என்று எழுந்து போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது வெறுத்துப்போய் நோட்டைப் பையிலிருந்தே எடுக்கவில்லை. சும்மா புளி தட்ட உட்கார்ந்தேன். கொட்டை எடுக்கிற வேலைக்கு சொந்தக்காரர்கள் எல்லாம் எங்கள் வாசலில் கூடியிருந்தார்கள். பேச்சு தங்கையைக் கேலி செய்வதில் போய் நின்றது. மலைப்பாதை பஸ் என்றாலே அவளுக்குக் குலை நடுங்கும். கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிறாண்டுவாள். "அப்போ பொண்ணு நடந்தேதான் கல்யாணத்துக்குப் போவுமா?" என்றார் அத்தை.

தட்டுவதை நிறுத்தாமலே அம்மா சொன்னாள்: "அவ இன்னா பண்ணுவா, அவங்கப்பன் அப்டி. புளி மூட்டைய பஸ்ல ஏத்தி வுட்டுட்டு இவரு நடந்து எறங்குவாரு. மூட்ட காலைலயே போய் சேந்துடும், இவரு பொழுது சாயச்சொல்ல போய் சேருவாரு."

சித்தப்பா குபீரென்று சிரித்தார். "ஒரு வாட்டி நான் இஸ்து ஏத்தினேன். மொத வளைவுலயே கண்டக்டர் கையப் புடிச்சிக்கினு வுடவே இல்ல!" பிறகு யாரும் நிறுத்தவில்லை. சிரித்தால் அப்பாவின் தோள் குலுங்குமாம். தங்கை பிறந்த அன்று சந்தையில் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் வெல்லம் கொடுத்தாராம். நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தங்கை கையில் புளியோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

எல்லாவற்றையும் அன்றே எழுதி நோட்டை அவளிடம் கொடுத்தேன். அப்பா பக்கத்தில், போட்டோவுக்கு விட்ட மேல்பாதி மட்டும் காலியாக இருந்தது.

கல்யாணத்துக்குக் கிளம்பியபோது அவள் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். டிக்கெட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள், ஆனால் ஒரு வளைவில்கூடக் கண்ணை மூடவில்லை. கீழே இறங்கியதும் கசங்கிப்போன டிக்கெட்டை என்னிடம் நீட்டினாள்.

"இத அப்பா பக்கத்துல ஒட்டுண்ணா. அவருக்கும் சேத்து எறங்கி வந்துட்டேன்."

அந்த நோட்டு இன்றும் அவள் பீரோவில் இருக்கிறது. யாரிடமாவது பழைய கதை கேட்க வேண்டுமென்றால், இப்போதும் நான் பேனாவைப் பையில் செருகிவிட்டு, அவர்கள் செய்கிற வேலையில் பாதியைத்தான் முதலில் கையில் வாங்கிக்கொள்கிறேன்.