ஈ-நாற்பதில் இடது பக்க சீட்

பேய்க்கு இருட்டுத்தான் வேண்டும் என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் லண்டன் ஸ்ட்ரெதத்துக்கு வந்து கிருஷ்ணராசாவின் முகத்தை ஒருமுறை பாருங்கள். சிரிப்பு அடங்கிவிடும்.

ஜெர்மனியில், ஆகன் நகரத்தில், அவனுடைய அண்ணன் ரவிச்சந்திரன் நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒவ்வொரு ஞாயிறும் போனில் கிருஷ்ணராசா சொன்னது ஒன்றுதான்: “வாற கிழமை கட்டாயம் வாறன் அண்ணை.” ஷிப்ட், லீவு, ஏதோ ஒரு சாட்டு. போகவில்லை. கடைசியில் செத்தவீட்டுக்குத்தான் போனான். அழுகை வரவில்லை. மரத்துப்போய் நின்றான்.

புறப்படும்போது பழக்கதோஷத்தில் அண்ணனின் படத்தைப் பார்த்து, “வாறன் அண்ணை” என்றான்.

அண்ணி மங்கலம் பதறிவிட்டாள். “ஐயோ ராசா! செத்தவீட்டில அப்பிடிச் சொல்லக்கூடாது!”

சொல்லியாகிவிட்டது.

பகல் 12.40. ஈ-நாற்பது நெடுஞ்சாலை. ஆகனிலிருந்து பெல்ஜியத்தைக் கடந்து கலே துறைமுகம் வரை அதுதான் பாதை. லண்டன் கார், ஸ்டியரிங் வலது பக்கம். அந்த நாடுகளில் லொறியை முந்த இடது பக்கம் எடுக்க வேண்டும். வலது பக்கம் இருக்கும் டிரைவருக்குப் பின்னால் வரும் வாகனம் சரியாகத் தெரியாது. இடது சீட்டில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த ரோட்டில் எப்போதும் கூட வந்து அண்ணன்தான் சொல்வார். “பொறு... இப்ப எடு.”

இன்று அந்த சீட் காலி.

1.15. லியேஜ் சந்தி.

டிங்... டிங்... டிங்...

இடது சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லையாம். கார் சொல்கிறது. பை டிக்கியில் இருந்தது. சீட்டில் ஒரு துரும்பும் இல்லை. அவன் கையை நீட்டி பெல்ட்டை மாட்டினான். சத்தம் நின்றது. பயம்கூட வரவில்லை அவனுக்கு.

2.50. பெல்ஜியத்தின் கெண்ட் நகரம். முன்னால் லொறி. இடது பக்கம் திருப்பினான்.

“பொறு.”

பிரேக் அடித்தான். வெள்ளை வான் ஒன்று உரசுவதுபோல் பறந்து போனது.

“சரி அண்ணை,” என்றான். சொன்னபிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று யோசித்தான்.

3.22. யாபெக்கே சந்தி. மழை. மறுபடியும் லொறி.

“இப்ப எடு.”

இடது பக்கம் எடுத்தான்.

போன் அலறியது... மகள் ஆரணி. திடுக்கிட்டுக் காரை மறுபடி வலது பக்கம் இழுத்தான்.

ப்பா...ம்ம்ம்!

ஹார்ன் அடித்தபடி பின்னால் வந்த எண்ணெய் டாங்கர். இடது பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது.

“அப்பா, எங்க நிக்கிறியள்?”

அவன் திரும்பிப் பார்த்தான்.

இடது சீட்டில்...

க்ளிக்.

பெல்ட் தானாகக் கழன்று கிடந்தது.

எப்படியோ வீடு வந்து சேர்ந்தான். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து அண்ணி போன் எடுத்தாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அவன் வரவேண்டுமாம்.

“அவர் கடைசியாக் கதைச்சதே உங்களைப் பற்றித்தான் ராசா.”

“என்ன சொன்னவர்?”

“‘அவன் வரமாட்டான். நானே போய்க் கூட்டிக்கொண்டு வாறன்’ எண்டார்.”

கிருஷ்ணராசா ஜன்னல் வழியே வாசலில் நின்ற காரைப் பார்த்தான்.

“கேக்குதோ ராசா? வருவியள்தானே?”

அவன் இன்னும் பதில் சொல்லவில்லை. முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.