கஞ்சிக்கு முன் கைதட்டல்

யுத்த காலத்தில் நூல் கிடைக்காமல் ராசிபுரத்துத் தறிகள் நின்றபோது, பெரிய மனிதர்கள் சங்கம் கூட்டிக் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். தலைவர் பேசி முடித்த பிறகுதான் கஞ்சி ஊற்ற வேண்டும். வெறும் வயிற்றில்தான் நல்ல கருத்துகள் இறங்கும் போலிருக்கிறது!

வரிசையில் முதல் ஆளாக ஒரு நெசவாளர் நிற்பார். கன்னம் ஒட்டிப்போயிருக்கும். தலைவர் மூச்சு வாங்கும்போதெல்லாம் பலமாகக் கைதட்டுவார். மற்றவர்களும் சேர்ந்து தட்டுவார்கள்.

கஞ்சி ஊற்ற அகப்பையோடு நின்ற நான் ஒருநாள் அவரிடம் கேட்டேன்: "பேச்சு அவ்வளவு புடிச்சிருக்குதுங்களா?"

"இல்லீங்க சாமி. தட்டுனா முடிச்சுக்குவாங்கன்னு பாத்தேனுங்க."

தலைவரோ உச்சி குளிர்ந்து பேச்சை இன்னும் நீட்டினார். கஞ்சி ஆறிப்போனது.

மறுநாள் நெசவாளர் கையைக் கட்டிக்கொண்டார். ஒருவரும் தட்டவில்லை. தலைவர் முகம் சுருங்கியது.

"இவங்களுக்குப் பசி தீந்துபோச்சாட்ட இருக்குது. அடுப்ப அணைங்க" என்றார்.

எப்படி நின்றிருந்தால் அந்த மனிதருக்குச் சூடாக ஒரு வாய்க் கஞ்சி கிடைத்திருக்கும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.