சனிக்கிழமைகளில் கோடு இல்லை

இதை எழுத எனக்கு வெகுகாலம் கை வரவில்லை. பெற்ற தகப்பனுக்குப் புத்தி தடுமாறியதை மகனே எழுதுவதா என்று கூச்சம். பெருமாளை வேண்டிக்கொண்டு இப்போது எழுதுகிறேன்.

அது யுத்த காலம். பென்னாகரம் பக்கம் எங்கள் வீடு. அப்பாவுக்கு எழுபதுக்கு மேல். என்னையே யாரென்று கேட்பார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். மத்தியானம் களித்தட்டை முன்னால் வைத்தால் தட்டிவிட்டுக் கத்துவார். ஒருநாள் தட்டு என் மனைவியின் நெற்றியில் பட்டு ரத்தம் வந்துவிட்டது.

அண்ணன் மாட்டுச் சங்கிலியோடு வந்தார். "கால்ல போட்டுக் கட்டுடா. இல்லாட்டி எதாவது கோயில்ல கொண்டுபோய் வுட்டுடலாம். இது பேய் புடிச்ச ஆட்டம்."

"ஒரு மாசம் பொறுங்கண்ணா" என்றேன். சங்கிலியைத் தூணில் மாட்டிவிட்டுப் போனார்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரியால் தினமும் கிழமையை எழுதினேன். அப்பா கத்தினால் பக்கத்தில் ஒரு கோடு. அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை. வெயில், விருந்தாளி, சூடான களி என்று என்னென்னவோ எழுதிப் பார்த்தேன். மாதம் முடிந்தபோது சனிக்கிழமைகளில் மட்டும் கோடே இல்லை.

அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நான் சொல்லல? சனிக்கெழம பெருமாளுக்குப் பயந்து பேய் அடங்கிக் கெடக்குது."

"பேய்க்குக் கெழம தெரியுமாங்க?" என்றாள் என் மனைவி. "அன்னிக்கு மட்டுந்தான மாமாவுக்கு நாமம் போட்டுவுடறோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாமம் தரிக்காமல் அப்பா ஒருநாளும் சாப்பிட்டவர் இல்லை. புத்தி தடுமாறியபின் திருமண் கட்டியைக் கடித்துத் தின்றார் என்று, நாமப்பெட்டியை நாங்கள்தான் பரணில் ஏற்றியிருந்தோம். சனிக்கிழமை பூசைக்கு மட்டும் இறக்குவோம்.

மறுநாள் திங்கட்கிழமை. அண்ணனை வைத்துக்கொண்டே, சாப்பாட்டுக்கு முன் திருமண்ணைக் குழைத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். என் பெயரை மறந்தவர், கண்ணாடி பார்க்காமலே நெற்றியில் நாமக் கோடுகளை நேராக இழுத்தார். கைகூப்பினார். பிறகு என் மனைவியிடம், "களி ஆறுது, போடும்மா" என்றார்.

அண்ணன் சங்கிலியைக் கழற்றிக்கொண்டுபோய்க் கன்றுக்குக் கட்டினார்.

அதன் பிறகும் அப்பா சில நாள் கத்தியதுண்டு. கவனித்துப் பார்த்தால் ஏதோ ஒரு காரணம் இருக்கும். கடைசிவரை அவர் காலில் சங்கிலி ஏறவில்லை. நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இது ஒன்று போதும்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்கு உள்ளபடியே சொல்லுங்கள். பெருமாள் பேயை ஓட்டினார் என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். அப்பாவுக்குப் பேய் பிடிக்கவில்லை. நாமம் போடாமல் சோறு வைத்தவர்கள் நாங்கள்.